மருந்து இருக்கிறது, பெயர்தான் கிடைப்பதில்லை

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து காலியான மாத்திரை அட்டையை எடுத்து நம்மிடம் நீட்டினார். "ஹஜ்ரத், இந்தப் பிரஷர் மாத்திரை நாலு மெடிக்கலில் இல்லை என்றுவிட்டார்கள். மூன்று நாளாகப் போடவில்லை" என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். நிறுவனம் வைத்த பெயருக்கு மேலே 'டெல்மிசார்டான் 40 மி.கி.' என்று அச்சிட்டிருந்தது. நாட்டில் மிகப் பரவலாக விற்கும் இரத்த அழுத்த மருந்துகளில் ஒன்று அது. வேறு வேறு நிறுவனங்களின் பெயரில் அந்த நான்கு கடைகளிலும் அது இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் கேட்டது ஒரு பெயரை. அந்தப் பெயர் இல்லை என்பதுதான் கிடைத்த பதில்.

இது ஒரு பெரியவரின் பிரச்சினை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர். இந்த நோய் வலிக்காது. மூன்று நாள் மாத்திரை போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். பிறகு ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறும். ஆகவே 'கடையில் இல்லை' என்ற பதிலை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் இந்த அலைச்சல்?

நம் மருத்துவர்களில் பெரும்பாலோர் சீட்டில் எழுதுவது மருந்தின் பெயரை அல்ல, நிறுவனம் வைத்த விற்பனைப் பெயரை. மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி எந்த மருத்துவரைச் சந்திக்கிறாரோ, அவருடைய கிளினிக்கை ஒட்டிய கடையில் அந்தப் பெயர் இருக்கும். இரண்டு தெரு தள்ளிப் போனால் இருக்காது. வெளியூரில் சிகிச்சை பெற்றுவிட்டு ஊர் திரும்பியவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

சட்டமும் இதற்குக் கைகொடுக்கவில்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆம் விதியின்படி, சீட்டில் குறிப்பிட்ட மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தரக்கூடாது. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது. நோயாளியின் பாதுகாப்புக்கான விதிதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? விதியை மதிக்கும் கடைக்காரர் 'இல்லை' என்று அனுப்பிவிடுகிறார். மதிக்காதவர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லித் தனக்கு லாபம் கூடுதலாக நிற்கும் அட்டையைக் கொடுக்கிறார். இரண்டிலும் இழப்பு நோயாளிக்குத்தான்.

மருந்தின் பொதுப்பெயரிலேயே சீட்டு எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதத்திலேயே அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது.

மருத்துவர்களின் எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். விலை குறைந்த மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பது அவர்களின் கேள்வி. ஆனால் பிராண்ட் பெயர் மட்டும் தரத்துக்கு உத்தரவாதமா? மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட தரமற்ற மருந்துகளின் பட்டியலில் பிரபல பிராண்டுகளின் பெயரைத் தாங்கிய மாத்திரைகளும் இருந்தன. அவை தங்கள் தயாரிப்பே அல்ல, போலி என்று சில நிறுவனங்கள் மறுத்தன. எப்படியானாலும் பரிசோதனையைக் கடுமையாக்குவதுதான் தீர்வு. பரிசோதிக்கும் கடமை அரசுக்கு இருக்க, அதன் சுமையை மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கும் முதியவர்களின் தலையில் வைப்பது நியாயமில்லை.

மாற்று வழிகள் உண்டு

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இரத்த அழுத்த மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் பல ஊர்களில் உள்ளன. இங்கெல்லாம் மருந்துகள் பெரும்பாலும் பொதுப்பெயரில்தான் இருக்கும். பிராண்ட் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் இங்கும் 'இல்லை' என்றே பதில் வரலாம். கடை வந்துவிட்டது, கேட்கும் முறைதான் நமக்கு இன்னும் வரவில்லை.

மருத்துவரிடமிருந்து எழுந்து வரும் முன்பே, "இதன் பொதுப்பெயரையும் எழுதித் தாருங்கள் டாக்டர், இந்த பிராண்ட் கிடைக்காவிட்டால் வேறு எதை வாங்கலாம்?" என்று கேட்டுவிடுவோம். இது அவரை அவமதிப்பதாகாது, நமது உரிமை. மருந்தின் பெயருடன் எத்தனை மி.கி. என்பதையும் சேர்த்து எழுதி வைப்போம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளை அலட்சியப்படுத்தக் கூடாது. பொதுவாக 'ஏஎம்' என்றால் உடன் அம்லோடிபின் சேர்ந்திருக்கும்; 'ஹெச்' என்றால் நீரைப் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்திருக்கும். முன்பெயர் ஒன்றாக இருப்பதாலேயே மருந்து ஒன்றாகிவிடாது. கூட்டு மாத்திரை கிடைக்காதபோது தனித்தனியாக வாங்கலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நாமாக மாற்றுவதும் பாதியாக உடைப்பதும் ஆபத்து. கடைசி மாத்திரை வரை காத்திராமல் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

மஹல்லா ஜமாஅத்களும் இதில் செய்ய வேண்டியது உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் தனியாக வாழும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! படித்த இளைஞர்கள் இருவர் வாரம் ஒருநாள் பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்து, முதியவர்களின் மருந்துப் பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் போதும். செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

அந்தப் பெரியவருக்கு ஒரு தாளில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்து, மருத்துவரிடம் போனில் கேட்டு உறுதிசெய்தோம். அரசு மருந்தகத்தில் அன்று மாலையே மாத்திரை கிடைத்தது. அது அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதூரம்.