மியூசிக்கை ஆன் பண்ணுங்க மச்சி!

எந்த ஹாஸ்டலுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல பி.ஜி.எம்.ஐ. ஓடாத ஃப்ளோர் இருக்காது. ஆனா செட்டிங்ஸில் மியூசிக்கை ஆன் பண்ணி வைத்து விளையாடும் ஒருத்தரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். "மியூசிக் எதுக்குடா, ஃபுட்ஸ்டெப் கேட்டா போதும்" என்பதுதான் பொதுவான பதில். கடலூர் டூ சிதம்பரம் பஸ்ஸில் விளையாடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேல. மொத்தமா ம்யூட்.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுகிறவர் பாதி கேம்தான் விளையாடுகிறார்.

ஃபுட்ஸ்டெப் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. அது சாதாரணத் திறமை இல்லை. இடது பக்கம் வரும் சத்தம் வலது காதை அடையக் கொஞ்சம் தாமதமாகும். அதிகபட்சமே சுமார் 0.7 மில்லி செகண்ட்தான். அந்தத் துளி வித்தியாசத்தையும், ரெண்டு காதிலும் கேட்கும் அளவையும் வைத்து எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட காதை எதிரியைப் பிடிக்க மட்டும் பயன்படுத்துவது, கேஸ் லீக் ஆகுதான்னு பார்க்க மட்டும் மூக்கை வைத்திருப்பது மாதிரி. அப்புறம் பிரியாணி வாசனையை யார் பிடிப்பது?

கேம் மியூசிக் என்றால் பின்னாடி சும்மா ஓடும் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். 1978-ல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமை எடுத்துக்கோங்க. அதில் திரும்பத் திரும்ப வருவது நாலே நாலு ஸ்வரம். ஏலியன்கள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகமாக நகரும், அந்த நாலு ஸ்வரமும் வேகமாகும். விளையாடுகிறவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'-லும் டைமர் 100-க்குக் கீழே போனதும் மியூசிக் வேகமெடுக்கும். "சீக்கிரம் ஓடு" என்று ஸ்க்ரீனில் எழுதத் தேவையே இல்லை. காதே சொல்லிவிடும்.

சினிமா இசைக்கும் கேம் இசைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சினிமாவில் ஹீரோ எத்தனையாவது நிமிடத்தில் வருவார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் அது யாருக்கும் தெரியாது. நீங்க ஒரு கதவு முன்னாடி பத்து செகண்டும் நிற்கலாம், பத்து நிமிஷமும் நிற்கலாம். எங்கே வெட்டினாலும் எங்கே ஒட்டினாலும் பிசிறு தட்டாத இசையாக அது இருக்க வேண்டும். இதற்காகவே லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் ஐமியூஸ் என்று ஒரு சிஸ்டம் உருவாக்கி, 1991-ல் 'மங்கி ஐலண்ட் 2' கேமில் பயன்படுத்தியது.

கேட்க ஹை-டெக்காகத் தெரிகிறதா? நம்ம ஊர் நாதஸ்வரக்காரர்களுக்கு இது தினசரி வேலைங்க. கல்யாணத்தில் முகூர்த்த நேரம் நெருங்கும்போது அவர்கள் கண் மணமேடையிலேயே இருக்கும். "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று குரல் வந்த அடுத்த நொடி, வாசித்துக்கொண்டிருந்த ராகத்தை அப்படியே விட்டுவிட்டு மேளம் உச்சத்துக்குப் போகும். தும்மல், அழுகை எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காக. ஆடியோ இன்ஜினியரிங்கில் இதற்குப் பெயர் மாஸ்கிங்.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேர் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாமி புறப்பாட்டுக்கு என்றே மல்லாரி இருக்கிறது. அதிலும் தேருக்குத் தனி, தளிகைக்குத் தனி, தீர்த்தத்துக்குத் தனி. என்ன நடக்கிறதோ அதற்கேற்ப இசை மாறும். செகண்ட் இயரில் படித்த ஸ்டேட் மெஷின் ஞாபகம் வருதா? அதேதான். நம்ம தெருவில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது.

சரி, நம்ம சத்தத்தை வைத்து யாராவது கேம் பண்ணியிருக்கிறார்களா? பண்ணியிருக்கிறார்கள், ஆனால் கனடாவில். டொரண்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', 80-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா சமைக்கும்போது ரேடியோவில் பாட்டு ஓடும். அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு மாதிரியே ஒலிக்கும், ஆனால் எல்லாம் கேமுக்காகப் புதிதாக உருவாக்கியவை. கூடவே எண்ணெய் பொரியும் சத்தம். அதை ம்யூட்டில் விளையாடினால் வெறும் சமையல் பஸில்தான். சத்தத்தோடு விளையாடினால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

"போன் ஸ்பீக்கரில் என்னடா பெரிசா கேட்கப் போகுது" என்பீர்கள். கரெக்ட்தான், எதுவும் கேட்காது. சாதாரண வயர் இயர்போன் போதும், ரூம்மேட்டும் திட்டமாட்டான். "ரேங்க் மேட்ச்சில் மியூசிக் போட்டா செத்துருவோம்" என்றால், அங்கே மட்டும் ஆஃப் பண்ணிக்கோங்க. கதை இருக்கிற கேமையும் ஏன் ஊமையாக விளையாட வேண்டும்?

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. கேட்காதவனுக்குச் சத்தத்தை உருவாக்கவும் தோன்றாது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு கிளம்பும் சத்தம், சில்வர் பீச் அலை, பிச்சாவரத்தில் துடுப்பு தண்ணீரை வெட்டும் சத்தம். இவையெல்லாம் ஒரு கேமுக்குள் வந்தால் எப்படி இருக்கும்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங்கும் இசையும் ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு புரோகிராமரும் ஒரு தவில் மாணவரும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் பண்ண இதைவிட வசதியான இடம் வேறு எது?

ஆனா நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டைப் பாருங்க. ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ், ஸ்மார்ட் டஸ்ட்பின், மறுபடியும் ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ். ரெக்கார்ட் பண்ண நம்ம போனே போதும். எடிட் பண்ண ஆடாசிட்டி, கேம் செய்ய கோடோ, ரெண்டும் இலவசம். ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் ஒரு டீமாவது முயற்சி பண்ணுங்க. ஒரே ஒரு தெரு, ஒரு தேர், பக்கத்தில் போகப் போக நெருங்கி வரும் ஒரு நாதஸ்வரம். அதுவே போதுமான கேம்.