மைக்கேல் ஜாக்சனின் தோல் பொய் சொல்லவில்லை

‘கறுப்பராகப் பிறந்து வெள்ளையராகச் செத்தவர்.’ மைக்கேல் ஜாக்சன் பேச்சை எடுத்தாலே நம்மவர்களில் ஒருவராவது இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவருடைய பாட்டு ஒன்றுகூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்; தோல் கதை மட்டும் மனப்பாடம். காசு குவிந்தது, கறுப்பு பிடிக்கவில்லை, வெளுத்துக்கொண்டார் என்று மூன்றே அடியில் கதையை முடித்துவிடுவார். 1980களின் கடைசியில் கிளம்பிய கதை இது. எங்கள் ஊர் கேசட் கடையில் கேட்டேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், படித்த, பெரிய வேலையில் இருக்கும் ஒருவர் வாயிலும் கேட்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.

‘வெள்ளையாக ஆசைப்பட்டுத் தோலை வெளுத்துக்கொண்டார்’ என்பதுதான் அடிப்படைக் குற்றச்சாட்டு. இதற்கு ஜாக்சன் தாமே பதில் சொல்லியிருக்கிறார். 1993 பிப்ரவரி 10 அன்று, தம்முடைய நெவர்லேண்ட் பண்ணையில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேவுக்கு நேரலைப் பேட்டி கொடுத்தார். உலகம் முழுக்கச் சுமார் 9 கோடிப் பேர் பார்த்த பேட்டி. தமக்கு ஒரு தோல் கோளாறு இருப்பதாகவும், அது நிறமியை அழிப்பதாகவும், அப்பா வழியில் வருவதாகவும், தம்மால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றும் சொன்னார். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. பணக்காரப் பாடகன் தன் ஆசைக்கு நோய் என்று பேர் வைக்கிறான் என்றார்கள்.

சரி, அவர் வார்த்தை வேண்டாம். 2009 ஜூன் 25 அன்று அவர் இறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். அந்த அறிக்கை 2010 பிப்ரவரியில் வெளியானது. அவர்கள் தேடியது சாவின் காரணத்தை. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து என்று கண்டார்கள். அதைச் செலுத்திய டாக்டர் கான்ராட் மரே 2011-இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். செத்த பாடகரின் பெயரைக் காப்பாற்றும் அவசியம் அந்த மருத்துவர்களுக்கு இல்லை. உடம்பில் கண்டதை எழுதினார்கள். அதில் விட்டிலிகோ என்று இருக்கிறது. நாம் வெண்புள்ளி என்று சொல்வது அதைத்தான். பதினாறு ஆண்டுக்கு முன் உயிரோடு இருந்தவர் சொன்னதையே அவருடைய பிரேதமும் சொன்னது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெண்புள்ளி அபூர்வ நோய் அல்ல. உலகில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்களை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. வலிக்காது, தொற்றாது, உயிரை எடுக்காது. எந்த நிறத்தவருக்கும் வரும். வெள்ளைத் தோலில் வந்தால் பாதிப்பேர் கவனிக்கவே மாட்டார்கள், கறுப்புத் தோலில் வந்தால் தெரு முனையிலிருந்தே தெரியும். ஜாக்சன் விஷயத்தில் அந்தத் தெரு முனையில் உலகமே நின்றுகொண்டிருந்தது.

கல்யாண வீட்டுக்காரர் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி. ‘வெண்புள்ளி என்றால் திட்டுத் திட்டாக அல்லவா இருக்கும்? இவர் உச்சி முதல் பாதம் வரை ஒரே வெள்ளையாக எப்படி ஆனார்?’ இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். திட்டுகள் இருந்தன. அவருடைய தோல் மருத்துவர் ஆர்னால்ட் க்ளைன், ஜாக்சன் இறந்த சில நாட்களில் லாரி கிங் நிகழ்ச்சியில், உடம்பு முழுக்கப் புள்ளி விழுந்திருந்ததாகவும் நோய் கடுமையாக இருந்ததாகவும் சொன்னார். அதை நாம் பார்க்காததற்குக் காரணம் ஒப்பனை. பல ஆண்டு அவருக்கு ஒப்பனை செய்த கேரன் ஃபே சொன்ன கணக்கு எளிமையானது: ஆரம்பத்தில் வெள்ளைத் திட்டுகளை மறைக்கக் கறுப்பு ஒப்பனை பூசினார்கள், திட்டுகள் பெருகிக் கறுப்பு சிறுபான்மை ஆனபோது, மிச்சமிருந்த கறுப்பை மறைக்க வெளிர் ஒப்பனைக்கு மாறினார்கள். பக்கெட் நிறையச் சுண்ணாம்புக்கு நடுவே நாலு சொட்டு மை இருந்தால் எதை மறைப்பது சுலபம்?

மருந்தும் இருந்தது. அவர் இறந்தபின் வீட்டைச் சோதித்தபோது பெனோக்வின், ஹைட்ரோக்வினோன் களிம்புக் குழாய்கள் கிடைத்தன. ‘பார்த்தீர்களா, வெளுக்கும் களிம்பு!’ என்று குதித்தார்கள். குதித்தவர்கள் அந்த மருந்து எதற்கு என்று படிக்கவில்லை. பெனோக்வினில் இருப்பது மோனோபென்சோன். வெண்புள்ளி உடம்பின் பெரும்பகுதிக்குப் பரவி, பழைய நிறம் திரும்பும் நம்பிக்கை போனபின், மிச்சமிருக்கும் நிறத்தையும் எடுத்து ஒரே சீராக்க டாக்டர்கள் எழுதித் தருவது. நிறம் தரும் செல்களையே நிரந்தரமாகக் கொன்றுவிடும் மருந்து. பூசிய இடத்தோடு நிற்காமல் எட்ட இருக்கும் தோலையும் வெளுக்கச் செய்யும். சிவப்பழகு தேடுபவருக்கு எந்த டாக்டரும் இதை எழுதித் தர மாட்டார். அந்தக் குழாய் கிடைத்தது வெள்ளையாகும் ஆசைக்கு ஆதாரம் இல்லை, முற்றிய வெண்புள்ளிக்கு ஆதாரம்.

நிறமி போன தோலுக்கு வெயிலிடமிருந்து காப்பு கிடையாது. குடை பிடித்து, தொப்பி வைத்து, முழுக்கை போட்டு அவர் நடந்த படங்களைப் பார்த்து எத்தனை கார்ட்டூன் வந்தது! லூபஸ் என்ற தோல் நோயும் அவருக்கு இருந்ததாகக் க்ளைன் சொல்லியிருக்கிறார். அதுவும் வெயில் பட்டால் முற்றும். கிறுக்கு என்று நாம் சிரித்த குடை மருத்துவக் குடை.

‘நோய்தான் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஏன் வருஷக்கணக்கில் மறைத்தார்?’

இதைக் கேட்பவருக்கு வீட்டில் வெண்புள்ளி உள்ளவர் யாரும் இல்லை என்று புரிந்துகொள்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தார். என் பெரியம்மாவுக்கு முதலில் உதட்டோரத்தில் வந்தது, பிறகு விரல் நுனிகளில். ஊர் அதற்கு வைத்த பெயர் வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னது ஊர்க்காதில் ஏறவில்லை. விசேஷ வீடுகளில் பெரியம்மாவைக் காய் நறுக்க விட மாட்டார்கள்; ‘நீ உக்காரு மதினி, நாங்க பாத்துக்கிறோம்’ என்று பாசமாகவே தள்ளி வைப்பார்கள். அவர் தங்கைக்கு வந்த வரன் ஒன்று இதனாலேயே தட்டிப்போனது. கோடையிலும் முழுக்கை ரவிக்கை போட்டவர் அவர். விரலில் மருதாணி காயவே விட மாட்டார். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஏன் மறைத்தார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த 1993 பேட்டிச் செய்தி பத்திரிகையில் துணுக்காக வந்தபோது படித்துக் காட்டினேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏன்டா, அந்த ஆட்டக்காரனுக்கும் இதேதானா?” என்று கேட்டார். அப்புறம் தொலைக்காட்சியில் அவர் வந்தால் கைவேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார். தமிழ்நாடு அரசே பின்னால் அந்த ‘குஷ்டம்’ என்ற சொல்லை விலக்கி வெண்புள்ளி என்று எழுதச் சொன்னது. அதைப் பார்க்கப் பெரியம்மா இல்லை.

இனி மூக்கு. இங்கே நான் ஜாக்சனுக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. 1979-இல் நடன ஒத்திகையில் விழுந்து மூக்கு உடைந்து முதல் அறுவை நடந்தது. 1988-இல் வந்த தன்வரலாறான ‘மூன்வாக்’கில், மூக்கில் இரண்டு அறுவை, தாடையில் ஒரு குழி என்று ஒப்புக்கொண்டார்; 2003-இல் பேட்டி எடுத்த பத்திரிகையாளர் மார்ட்டின் பஷீரிடமும் இரண்டே இரண்டு என்றார். படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் யாரும் அந்த எண்ணை நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. அந்த மூக்கு நோயால் வந்தது இல்லை, கத்தியால் வந்தது. ஆனால் கத்தியை எடுக்க வைத்தது வெள்ளையாகும் ஆசை என்பதற்கு என்ன சான்று? அவர் சொன்ன காரணம் வீட்டுக்குள் இருந்தது: சிறுவயதில் அப்பா தம் மூக்கைக் கேலி செய்தார் என்று பஷீரிடமே சொன்னார். பதின்வயதில் முகம் முழுக்கப் பரு. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது என்றும் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு வயதிலிருந்து மேடையில் நின்ற பிள்ளைக்கு முகம்தான் முதலீடு. 1984 ஜனவரி 27 அன்று பெப்சி விளம்பரப் படப்பிடிப்பில் வாணவெடி தவறித் தலைமுடி பற்றி எரிந்து மண்டைத் தோல் வெந்துபோனது. அதற்குக் கிடைத்த நஷ்டஈடு 15 லட்சம் டாலரைத் தம்மைப் பார்த்த மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கே கொடுத்துவிட்டார். அவர் முகத்தில் பார்த்ததெல்லாம் ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் இந்தத் தீக்காயத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மூக்கும் நிறமும் இரண்டு தனி வழக்குகள். மூக்கு வழக்கில் அவர் பொய் சொன்னதை வைத்து நிற வழக்கிலும் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

‘எதுவானாலும் அவர் தம் இனத்தை வெறுத்தார்’ என்று கடைசியில் வந்து நிற்பார்கள். வெறுத்தவர் செய்த காரியங்களைப் பாருங்கள். 1992-இல் ‘ரிமெம்பர் தி டைம்’ பாட்டுக்குக் கறுப்பின இயக்குநர் ஜான் சிங்கிள்டனைக் கூப்பிட்டு, பழைய எகிப்தின் அரசவையைக் கறுப்பினத்தவரால் நிரப்பினார்: எடி மர்ஃபி பார்வோன், இமான் அரசி. தோல் வெளுத்து முடிந்த நேரத்தில் எடுத்த படம் அது. 1996-இல் இன்னொரு கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீயை அழைத்துக்கொண்டு பிரேசிலின் சால்வடாருக்குப் போய், ஒலோடும் என்ற ஆப்பிரிக்க–பிரேசிலியப் பறைக் குழுவின் நடுவே நின்று, ஏழைகளையும் கறுப்பர்களையும் யாரும் கண்டுகொள்வதில்லை என்று பாடினார். 2002 ஜூலையில் நியூயார்க்கின் ஹார்லெமில், கறுப்பின உரிமைத் தலைவர் அல் ஷார்ப்டன் பக்கத்தில் இருக்க, கறுப்பினக் கலைஞர்களை இசை நிறுவனங்கள் சுரண்டுகின்றன என்று சண்டைக்கு நின்றார். ஓப்ராவிடமும், தாம் கறுப்பின அமெரிக்கர், அதில் தமக்குப் பெருமை என்றே சொன்னார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: நிறம் ஏற்றிக்கொள்ள வெயிலில் கிடக்கும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஏன் யாரும் எதுவும் சொல்வதில்லை? அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

நம் பக்கம் ஒரு வார்த்தை. 1975-இலிருந்து ‘ஃபேர் அண்ட் லவ்லி’ வாங்கிப் பூசிய நாடு இது. 2020-இல் பேரை மட்டும் மாற்றினார்கள், டப்பா அதேதான். கல்யாண விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ போடாத பத்திரிகை உண்டா? வெளுக்க ஆசைப்பட்டுக் களிம்பு பூசும் நாம், வெளுக்க ஆசைப்படாமலே வெளுத்துப்போனவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

‘பிரபலமானவர்கள் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும்’ என்பது சோம்பேறி வாதம். 2020 ஏப்ரலில் நடிகர் சாட்விக் போஸ்மன் மெலிந்த முகத்தோடு ஒரு காணொளியில் தோன்றினார். கேலி செய்தவர்கள் ஏராளம். அவருக்குக் குடல் புற்றுநோய் இருந்ததை ஆகஸ்டில் அவர் இறந்தபோதுதான் உலகம் அறிந்தது. கேலிப் பதிவுகளைப் பலர் அவசரமாக அழித்தார்கள். ஜாக்சன் காலத்துக் கேலி அச்சில் ஏறியது, அழிக்க வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. ஜாக்சன் மீது குழந்தைகள் தொடர்பான பாலியல் புகார்கள் எழுந்தன. 2005-இல் நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டிலும் விடுவித்தது. அதன் பிறகும் புகார்கள் வந்தன. அது தனிப் பேச்சு, கனமான பேச்சு. தோல் விஷயத்தில் அவர் உண்மை சொன்னார் என்பதால் அதில் அவர் நிரபராதி ஆகிவிட மாட்டார்; அதில் சந்தேகம் உள்ளது என்பதால் தோல் பற்றிய கட்டுக்கதை நிஜமாகியும் விடாது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டன. 1993 டிசம்பர் 20 அன்று போலீசார் ஆணையோடு நெவர்லேண்டுக்கு வந்து அவர் உடம்பைப் படம் எடுத்தார்கள். அந்த ஆண்டு முதல் புகார் கொடுத்த தரப்பு அவர் தோலில் உள்ள திட்டுகளை வர்ணித்திருந்தது. அந்தத் திட்டுகளைச் சரிபார்க்கத்தான் வந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் தமக்கு நிறமி அழியும் நோய் என்று அவர் சொன்னபோது சிரித்த உலகம், டிசம்பரில் அந்தத் திட்டுகளைச் சாட்சியமாகத் தேடியது.

அவர் இறந்த ஜூன் 25-ஐயே 2011 முதல் உலக வெண்புள்ளி தினமாக அனுசரிக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரருக்கு அதைச் சொன்னால் போதாது. அவர் வசனத்தின் பின்பாதிக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. வெள்ளையராகச் செத்தார் என்கிறாரே, கலிபோர்னியா மாநிலம் கொடுத்த இறப்புச் சான்றிதழில் இனம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது ‘கறுப்பர்’.