நாற்காலி போட்டால் போதுமா?



கடையில் வேலை செய்பவர் அனைவருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. நாள் முழுதும் கால் கடுக்க நின்று சரக்குக் காட்டும் பிள்ளைகளை நினைத்து வந்த நல்ல சட்டம். நானும் நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஆனால் என் கடையில் வலி வந்தது நின்றவருக்கு அல்ல, உட்கார்ந்தே இருந்த கணக்கருக்கு.

என்னிடம் பல ஆண்டுகளாக இருப்பவர். பேரேடு எழுதிய காலத்தில் கிடங்குக்குப் போய் மூட்டை எண்ணுவார், வங்கிக்குப் போவார், வெயிலில் நாலு தடவை நடப்பார். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் பில், ரிட்டர்ன், ஈ-வே பில் எல்லாம் கம்ப்யூட்டரில் என்றாகிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் கேண்டீன்களுக்குச் சரக்கு ஏற்றும் நாளில் அவர் எழுந்திருக்கவே நேரம் இருக்காது. முதலில் கழுத்து வலி என்றார். பிறகு வலது கை விரல்கள் மரத்துப் போவதாகச் சொன்னார். பில்லில் தவறு வந்தது. நான் கடிந்துகொண்டேன்.

அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். “கம்ப்யூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். கடைக்கு வந்து அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். பழைய கல்லா மேசை, கீழே இழுப்பறை, முழங்கால் நுழைய இடமில்லை. வாடிக்கையாளரை மறைக்காதபடி திரையை ஓரமாகத் திருப்பி வைத்திருந்தேன். முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூல். மனிதர் உடம்பை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டே இத்தனை வருடம் பில் போட்டிருக்கிறார். அந்த இடத்தை அமைத்தவன் நான்.

டாக்டர் சொன்னபடி மாற்றினோம். திரை நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கலாம். பைபோகல் கண்ணாடி போடுபவருக்குச் சற்றுத் தாழ வேண்டும். முழங்கை உடம்பை ஒட்டி மடங்கி, மணிக்கட்டு வளையாமல் தட்டும் உயரத்தில் கீபோர்டும், பக்கத்திலேயே மவுஸும் வேண்டும். இடுப்புக்கு மேல் முதுகு சாய இடம் வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை உயர்த்தி வைத்துத் தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இதற்குப் பெரிய செலவில்லை. ஆசாரி வந்து இழுப்பறையைக் கழற்றி மேசையைத் தாழ்த்தினார். திரைக்கு அடியில் பழைய பேரேடு இரண்டு. காலுக்குச் சரக்கு வந்த பலகைப் பெட்டி. சாய்வு நாற்காலி ஒன்றுதான் விலைக்கு வாங்கியது.

நாற்காலி எவ்வளவு நல்லதானாலும் அதிலேயே கட்டிப்போட்டால் பயனில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி உள்ளதை 20 விநாடி பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு. அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். இது இன்று வந்த ஞானமும் அல்ல. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, தவறு வரக்கூடாதே என்ற மன அழுத்தம் ஆகிய மூன்றும்தான் எழுத்தர்களை வாட்டுகின்றன என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

எங்கள் கணக்கருக்குக் கழுத்து வலி குறைந்துவிட்டது. விரல் மரப்பு முழுதும் போகவில்லை. முன்பே கவனித்திருந்தால் போயிருக்கும் என்றார் டாக்டர். அது என் மனத்தில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை போடுகிறோம். கிடங்கில் மூட்டை நனையாமல் பலகை அடுக்குகிறோம். நம் கணக்கைக் காப்பவரின் முதுகை யார் பார்ப்பது?

இந்த இதழ் கைக்கு வந்த அன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் கடையில் பில் போடுபவரின் இடத்தில் நீங்களே அரைமணி நேரம் உட்கார்ந்து பில் போட்டுப் பாருங்கள். பிறகு ஆசாரிக்கு ஆள் அனுப்புவீர்கள்.