வதந்தி உண்டாக்கும் தட்டுப்பாடு

“நாளை பெட்ரோல் விலை ஏறுமாம், தட்டுப்பாடும் வருமாம்!” புலனத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், எண்ணெய் நிலையத்தில் வரிசை நீண்டுவிடுகிறது. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 10 சென் ஏறினாலும், 30 லிட்டருக்கு மிச்சம் 3 ரிங்கிட்தான். வரிசையில் ஓடிக்கொண்டே நிற்கும் இயந்திரம் அதிலும் ஒரு பகுதியைக் குடித்துவிடும்.

இல்லாத தட்டுப்பாட்டையும் கூட்டம் உண்டாக்கும். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் எரிபொருள் இருந்தது. அதை ஏற்றிச்செல்லும் லாரி ஓட்டுநர்கள்தான் போதவில்லை. மக்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் நிரப்பியதால் ஆயிரக்கணக்கான நிலையங்கள் காலியாயின. அதைக் கண்டு பயம் மேலும் கூடியது. இப்படி விளைவே காரணத்தை வளர்ப்பதை அறிவியலில் நேர்மறைப் பின்னூட்டம் என்போம்.

ஆகவே, உறுதி செய்யாத செய்தியைப் பகிராதீர்கள். வீட்டில் பெற்றோரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.