எத்தனை தையல்?

சத்திரசிகிச்சையினாற் பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்க்கச் செல்வோர், பிள்ளை ஆணா பெண்ணா என்று அறிந்த மறுகணமே கேட்பது, "எத்தனை தையல்?" என்பதாகும். எண்ணிக்கையிற் பெரிதாக ஒன்றுமில்லை. தோலை எதனால் மூடினார்கள் என்பதன்றோ கேட்கவேண்டிய கேள்வி!

19ஆம் நூற்றாண்டிற் கருப்பையையே பெரும்பாலும் தையாமல் விட்டனர்; குருதி பெருகியும் கிருமி தொற்றியும் தாய்மார் மாண்டனர். ஜேர்மனிய வைத்தியர் மக்ஸ் சேங்கர் 1882இல் அதனைத் தைத்து மூடும் முறையை வற்புறுத்திய பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. உள்தையல் உயிரைக் காப்பது. மேற்றோலின் தையலோ, தாய் வீடு சென்றபின் படும் பாட்டைத் தீர்மானிப்பது.

தோலை நூலால் தனித்தனி முடிச்சாகத் தைக்கலாம்; உலோகக் கவ்விகளால் இறுக்கலாம். இவ்விரண்டையும் சில நாள் கழித்து அகற்றவேண்டும். தோலுக்கடியில் ஓடும் கரையும் நூலையோ அகற்ற வேண்டியதில்லை. கவ்வி இடுவது விரைவான வேலை. ஆனால், அமெரிக்காவில் 746 தாய்மாரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலே, கவ்வி இட்டோரில் 10.6 வீதத்தினருக்கும், தையலிட்டோரில் 4.9 வீதத்தினருக்கும் காயத்திற் கோளாறு கண்டது. காயம் வாய்பிளத்தலே இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம். தையலுக்குக் கூடுதலாகச் சென்ற நேரம் ஏறத்தாழ 9 நிமிடம்.

இந்த 9 நிமிடத்தை வன்னியில் வைத்து நிறுத்துப் பார்ப்போம். துணுக்காய்ப் பக்கத்திலோ கொக்கிளாய்ப் பக்கத்திலோ ஒரு குடிசை. கவ்வி கழற்றவென்று பச்சைக் குழந்தையுடன் பேருந்தேற வேண்டும். துணைக்கு வருபவர் ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் மிச்சம்பிடித்த நிமிடங்களுக்குத் தாய் ஒரு பகலைக் கொடுக்கிறாள். ஆதலின் இப்பகுதிக்குக் கரையும் நூலே உகந்தது என்பது நம் கருத்து.

தெரிவு என்பதே இல்லாத காலமும் இம்மண்ணில் இருந்தது. 2009இன் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகி, புதுமாத்தளன் பள்ளிக்கூடத்துக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் இடம்பெயர்ந்தபோது, மயக்கமருந்தே அரிதாகிவிட்டது. அங்கே எந்த நூல் நல்லதென்று யார் ஆராய்வார்? இன்று ஆராயலாம், ஆராயவும் வேண்டும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வேதுநீர் வார்ப்பதில் உங்கள் அக்கறை தெரிகிறது. ஆயினும் ஆறாத காயத்தில் அந்நீரை அடித்து ஊற்றலாகாது. மஞ்சளும் எண்ணெயும் பூசலாகாது. சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, குடும்பநல உத்தியோகத்தர் வரும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வைத்தியசாலையை விட்டுப் புறப்படுமுன், "இது கரையும் நூலா, கழற்ற வேண்டியதா?" என்று தாதியிடம் கேளுங்கள். கழற்ற வேண்டியதாயின், என்றைக்கு, எங்கே என்பதைத் துண்டிலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.