வன்னிக்குப் பொருளியல் போதகர் வேண்டாமாம்

கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டுப் பந்தலிலோ, வவுனியாவில் ஒரு கல்விக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையிலோ நாலு படித்தவர்கள் ஒன்றுகூடினால், ஓர் அபிப்பிராயம் மறுக்கவொண்ணாத சத்தியத்தின் தோரணையோடு எப்படியும் எழுந்துவிடுகிறது. உயர்தரம் முடித்தும் பல்கலைக்கழக வாயில் திறவாத பிள்ளைகளுக்கு டிப்ளோமா வழங்கும் கல்லூரிகளில், பொருளியல் படிப்பிப்பதற்கென்று ஒருவரை முழுநேர உத்தியோகத்தில் வைத்திருப்பது வீண் செலவு என்பதே அது. வன்னிப் பிள்ளைக்கு வேண்டியது கைத்தொழிலேயன்றிச் சித்தாந்தமன்று என்பார்கள். மணிக்கணக்குக்கு வந்துபோகும் வருகை விரிவுரையாளரும் ரியூட்டரியும் போதும் என்பார்கள். ஆராய்ச்சியின்றிப் பாடம் மட்டும் சொல்பவர் பேராசிரியப் பதவிக்கு எட்டாதவரே என்று முடிப்பார்கள்.

கைத்தொழிலை இகழ்வது என் நோக்கமன்று. 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவை இம்மண்ணுக்கு வாய்த்த நன்மைகள். ஆயினும் அத்தகைய பயிற்சி பெற்று வெளிவரும் இளைஞன் சொந்தமாக ஒரு கராஜ் திறக்க எண்ணிக் கடன் வாங்கப் போகும் நாளில், அவன் கையிலிருக்கும் சாவியும் திருப்புளியும் அவனுக்கு எவ்வித ஆலோசனையும் சொல்லப் போவதில்லை. ஐம்பதினாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு இருபது என்று சொல்லி, அறுபதினாயிரத்தை ஐம்பத்திரண்டு கிழமைத் தவணைகளில் அறவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறபடியால், ஆண்டு முழுவதும் சராசரியாக அவன் கையில் நின்ற பணம் அரைவாசிதான். ஆகவே உண்மை வட்டி இருபதன்று, ஏறக்குறைய அதன் இரு மடங்கு. யுத்தத்துக்குப் பின் வன்னியின் ஒழுங்கைகள்தோறும் கிழமைக் கடன் புகுந்தபோது, இந்தச் சிறு கணக்கைப் பக்கத்தில் அமர்ந்து போட்டுக் காட்ட ஆளில்லாத குடும்பங்கள் எத்தனை! வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர நேர்ந்தது. இதனைச் சித்தாந்தம் என்று ஒதுக்குவோர், ஜீவனோபாயம் என்று எதனைச் சொல்வார்களோ அறியேன்.

மேலும், இம்மண்ணின் மனிதருக்குப் பொருளியல் அந்நியச் சரக்கு என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. 1990 தொடக்கம் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையின் காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவனுக்குப் பிரதியீட்டுப் பண்டம் என்பதை வரைவிலக்கணத்தால் விளக்க வேண்டியதில்லை; அவன் செய்ததற்கு ஒரு பெயர் உண்டென்று சொன்னாலே போதும். ஓர் ஆண்டு கச்சானுக்கு நல்ல விலை கிடைத்ததென்று மறு ஆண்டு ஊரெல்லாம் கச்சான் போட்டு, விலை விழுந்து கைசுட்டுக்கொண்ட முல்லைத்தீவு விவசாயி, 1934 இல் நிக்கலஸ் கால்டோர் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயரிட்டதை ஏட்டில் காணாமலே அநுபவித்தவன். இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் அக்குளத்தில், சிறுபோகத்துக்கு எஞ்சும் நீர் எல்லாருக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளும் கமக்காரரும் நின்று வாதாடுவதும், அதே நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் யோசனை எழுந்தபோது இங்கே மூண்ட எதிர்ப்பும், அமையச் செலவு என்ற அத்தியாயத்தின் உயிருள்ள பாடங்களல்லவா? பாடநூலின் உதாரணங்கள் எங்கோ ஒரு தேசத்தின் கோதுமையையும் இரும்பையும் பற்றியவை. அவற்றைக் கச்சானாகவும் நெல்லாகவும் மாற்றிச் சொல்ல, கூட்டத்துக்குப் போய் ஒரு மூலையில் இருந்து கேட்கும் அவகாசமுள்ள ஒருவர் வேண்டும்.

அந்த அவகாசம் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குபவருக்கு வாய்ப்பதில்லை. இங்கே எதிர்க்கட்சியார் ஆதம் ஸ்மித்தையே சாட்சிக்கு அழைக்கக்கூடும்; அழைத்தால் சாட்சியும் ஓரளவு அவர்கள் பக்கமே பேசும். மாணவர் தரும் கட்டணத்தில் தங்கியிராது நிலையான வருமானம் பெற்ற ஒக்ஸ்போர்ட் பேராசிரியர்கள், கற்பிப்பதாகப் பாவனை செய்வதைக்கூடக் கைவிட்டுவிட்டார்கள் என்று 1776 இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர் கடிந்துரைத்தார். இக்குற்றச்சாட்டு நம்மிடையே சிலருக்குப் பொருந்தும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மணிக்கூலியும் தான் அளக்கும் மணியை மாத்திரமே வாங்கித் தருகிறது. வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க விரையும் விரிவுரையாளரை வழிமறித்து, அம்மாவின் கடன் புத்தகத்தை நீட்டி, இது சரியான கணக்கா சேர் என்று கேட்கும் துணிவு எந்தப் பிள்ளைக்கு வரும்? ரியூட்டரிக்காரரோ பரீட்சையில் வரக்கூடிய வினாக்களை விற்பவர். அவர் தம் வியாபாரத்தை நேர்மையாகவே செய்கிறார், அவர்மேல் குறையில்லை. கடன் புத்தகம் பரீட்சைக்கு வருவதில்லை, அவ்வளவே.

ஆராய்ச்சி பற்றிய ஏளனத்துக்கும் ஸ்மித்தே மறுமொழி. 1751 தொடக்கம் 1764 வரை கிளாஸ்கோவில் அவர் இளைஞர்களுக்குப் பாடஞ் சொன்னார். அவ்வுரைகளை மாணவரொருவர் எழுதிவைத்த குறிப்புகள் 1896 இல் எட்வின் கேனனால் பதிப்பிக்கப்பட்டபோது, பெருநூலின் பல கருத்துகள் வகுப்பறையிலேயே முளைவிட்டிருந்தமை உலகுக்குத் தெரிந்தது. கீழ்மட்டக் கல்லூரி என்ற இழிசொல்லுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. 1991 இல் வவுனியாவில் டிப்ளோமாப் படிப்புகளுக்காகத் தொடங்கிய வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிதான் 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று.

பிள்ளைகள் தரம் போதாதவர்கள் என்பாரும் உளர். 2009 இல் செட்டிகுளத்து முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் அரிவரி எழுதப் பழகிய தலைமுறை அது. அவர்களுக்குக் கணிதம் சற்றுப் பிந்தியே கைவரும். கைவந்த பின் போவதில்லை.

எதிர்க்கட்சியார் சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கும் சக்தி எனக்கில்லை: இந்த உத்தியோகத்தில் பணமில்லை. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து, விளைச்சலைக் கெடுத்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று நாடு கைவிரித்து, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியபோது, மாதச் சம்பளக்காரரின் கையிலிருந்த தாள்கள் அதே தாள்களாகவே இருந்தன. அவை வாங்கிய அரிசிதான் குறைந்தது. மெய்க் கூலிக்கு உதாரணம் தேடிப் பாடநூலைப் புரட்டவேண்டிய அவசியம் அந்த ஆண்டில் எந்தப் பொருளியல் போதகருக்கும் இருக்கவில்லை. தமது சம்பளப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியிருந்தாலே போதும்.