சுவரில் மட்டும் ஏறிய சக்கர நாற்காலி

எங்கள் கல்லூரி மெயின் பிளாக் சுவரில் புதுசாய் ஒரு ஓவியம். நாற்பதடி நீளம் இருக்கும். ஹெல்மெட் போட்ட பெண், ஹிஜாப் அணிந்து சர்க்யூட் பார்க்கும் பெண், வேட்டி கட்டிய அப்பாவோடு பட்டமளிப்பு அங்கியில் மகன், நடுநாயகமாய் சக்கர நாற்காலியில் ஒருவர். மேலே கொட்டை எழுத்தில் ‘பொறியியல் எல்லோருக்கும்’. ஓவியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (வரைந்த அண்ணன்கள் பெயர் எங்கும் இல்லை, திறந்து வைத்தவர் பெயர் மட்டும் கல்வெட்டில். அது தனிக் கச்சேரி.)

என் வயிற்றெரிச்சல் அந்தச் சக்கர நாற்காலிதான். ஓவியத்துக்குப் பக்கத்திலேயே வாசல். வாசலுக்கு ஏழு படி. சாய்தளம் கிடையாது. படத்தில் இருப்பவர் நிஜமாகவே வந்தால் தன் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வேண்டியதுதான்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, விதிகள் 2017இல். பழைய கட்டடங்களையும் ஐந்து வருடத்துக்குள் சரிசெய்யச் சொன்ன சட்டம் அது. 2022ஓடு கெடு முடிந்தது. தனியார் கல்லூரிக்கும் விலக்கில்லை. காசில்லை என்பார்கள். கணக்குப் போடுவோமே: படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் மூன்றரை அடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று சரிவு வைத்தால் 42 அடி நீளம், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம். கிட்டத்தட்ட ஓவியத்தின் நீளம்தான். சிவில் டிபார்ட்மெண்டை வைத்துக்கொண்டு இதற்கு வெளியாள் தேட வேண்டுமா?

அந்த ஹெல்மெட் அம்மணி கதையும் இதேதான். புராஜெக்ட் லேப் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதி ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். பையன்களுக்குப் பத்து மணி.

1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா சேர்ந்தபோது அங்கே ஒரு மாணவிகூட இல்லை. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். அவர் போய்க் கேட்டார், முதல்வர் சாக்கோ சம்மதித்தார். பின்னாலேயே சிவில் படிக்க லீலம்மா ஜார்ஜும் தெரசியாவும் வந்தார்கள். லலிதாவின் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதித் தந்தார்களாம். தெரசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆகிவிட்டார். அன்றைக்கு யாரும் சுவரில் படம் போடவில்லை, கதவைத் திறந்தார்கள்.

“ஏதோ நல்லது பண்றாங்க, அதையும் நொட்டை சொல்றியே” என்கிறான் ரூம் மேட். படம் இருக்கட்டும்டா, யார் வேண்டாமென்றது? ஆய்வுக் குழு வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகும். அப்புறம் சாய்தளம் கேட்டால், “அதான் அவ்வளவு பெருசா வரைஞ்சு வெச்சிருக்கோமே” என்பார்கள். அதுதான் பயம்.

நாங்கள் நாலு பேர் சாய்தளத்துக்கு வரைபடம் போட்டு ஆபீசில் கொடுத்திருக்கிறோம். “வெச்சிட்டுப் போங்க தம்பி” என்றார்கள்.